டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகள்: முதல் முறை போகிறவர்களுக்கு

டெக்சஸுக்குப் புதிதாகக் குடிவந்த நம் குடும்பங்கள் மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தால் உடனே விமான டிக்கெட் தேடுகின்றன. கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி எல்லாம் போகவேண்டிய இடங்கள்தான். ஆனால் டாலஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் டைனோசர் நடந்த தடம் ஆற்றுப்படுகையில் கிடக்கிறது. ஹூஸ்டனிலிருந்து ஒரு மணி நேரத்தில் முதலை வெயில் காயும் ஏரிக்கரையில் நடக்கலாம். இங்கே பல வருடம் இருந்தும் இவற்றைப் பார்க்காதவர்களை எனக்கு நிறையத் தெரியும். எப்படிப் போவது, எதை முதலில் செய்வது என்று யாரும் சொல்லாததுதான் பெரும்பாலும் காரணம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நேஷனல் பார்க் மத்திய அரசின் நிர்வாகத்தில் இருப்பது. ஸ்டேட் பார்க் மாநில அரசுடையது. டெக்சஸில் இவற்றை டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை நடத்துகிறது. மாநிலம் முழுக்கக் கிட்டத்தட்ட 90 இடங்கள் இருக்கின்றன. நேஷனல் பார்க்குக்கு வாங்கிய வருடப் பாஸ் இங்கே செல்லாது, இங்குள்ள பாஸ் அங்கே செல்லாது. வாசலில் வந்து குழம்பாமல் இருக்க இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸில் இந்தப் பூங்காக்களுக்கு இருக்கும் மதிப்பு வேறு சில மாநிலங்களில் இருப்பதைவிடக் கூடுதல். 1845இல் அமெரிக்க ஐக்கியத்தில் சேர்ந்தபோது டெக்சஸ் தன் பொது நிலங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பிறகு கடனை அடைக்க, ரயில் பாதை போட, பள்ளிகளுக்குப் பணம் சேர்க்க என்று அதில் பெரும்பகுதியை விற்றும் கொடுத்தும் தீர்த்தது. இன்று மாநிலத்தின் நிலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தனியார் கையில். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வண்டி ஓட்டுகிறோம், இரண்டு பக்கமும் முள்வேலி. ஓடை அழகாக இருக்கிறதே என்று இறங்கி வேலியைத் தாண்டினால் அது அத்துமீறல். ஆகவே யார் வேண்டுமானாலும் உள்ளே போய் மரத்தடியில் உட்காரலாம் என்கிற இடம் இங்கே அரிது. 1923இல் ஆளுநர் பேட் நெஃப் காலத்தில் ஸ்டேட் பார்க்குகளுக்கென்று ஒரு வாரியம் அமைந்தபோது நிலம் வாங்கக் கையில் பணம் கிடையாது. அவர் ஊர் ஊராகப் போய் நிலத்தைத் தானமாகக் கேட்டார். அவருடைய தாயார் கொடுத்த 6 ஏக்கரிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய மதர் நெஃப் ஸ்டேட் பார்க்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

எந்தப் பூங்கா?

முதல் தடவைக்கு வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகவேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐந்து மணி நேரம் ஓட்டிப் போனால் 'இவ்வளவு தூரம் வந்தோமே' என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கத் தோன்றும். குழந்தைகள் களைத்துப்போவார்கள், அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். பக்கத்தில் ஒன்று, அங்கே பார்ப்பதற்கு ஒரே ஒரு முக்கிய விஷயம், மதியத்துக்குள் திரும்பிவிடலாம். முதல் பயணத்துக்கு இது போதும்.

ஹூஸ்டன்காரர்களுக்கு என் முதல் யோசனை பிரேசோஸ் பெண்ட். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போக இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. ஏறவேண்டிய மேடு எதுவும் இல்லை. க்ரீக்ஃபீல்ட் ஏரியைச் சுற்றி அரை மைலுக்குத் தளம் போட்ட பாதை, சக்கர நாற்காலியும் போகும். ஓக் மரங்களிலிருந்து ஸ்பானிஷ் மாஸ் சாம்பல் நிறச் சடைசடையாகத் தொங்கும். எல்ம் ஏரியின் கரையில் கொக்கும் நாரையும் நிற்கும், நடுவே முதலை வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும். ஊரில் முதலைப் பண்ணையில் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்த மிருகத்தை இங்கே சுவர் இல்லாமல் பார்க்கிறோம். விதி எளிது: குறைந்தது 30 அடி தள்ளி நில்லுங்கள், தீனி போடாதீர்கள், குழந்தைகளைத் தண்ணீர் ஓரத்தில் விடாதீர்கள். மனிதர் கையால் தின்று பழகிய முதலை மனிதரை நோக்கி வரத் தொடங்கும், பிறகு அதையே அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டிவரும். பூங்காவுக்குள்ளேயே ஹூஸ்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் வானாய்வகம் இருக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் தொலைநோக்கியில் பார்க்கலாம், அதற்குத் தனி டிக்கெட்.

ஆஸ்டினில் இருந்தால் மெக்கின்னி ஃபால்ஸ் நகர எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அலுவலகம் முடிந்து மாலையில்கூடப் போகலாம். டாலஸ், ஃபோர்ட் வொர்த் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், க்ளென் ரோஸில் இருக்கும் டைனோசர் வேலி. சான் அன்டோனியோ, ஆஸ்டின் இரண்டுக்கும் பொதுவாக என்சான்டட் ராக். இவை இரண்டைப் பற்றியும் கீழே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பதிவு

புதியவர்கள் ஏமாந்து திரும்பும் இடம் இதுதான். காரை எடுத்துக்கொண்டு நேரே போய் வாசலில் பணம் கட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு சனி, ஞாயிறுகளில் நடக்காது. ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு உண்டு. அது நிறைந்துவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பகல் பாஸை 30 நாள் முன்பிருந்தே துறையின் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். இரவு தங்கும் இடங்களை 5 மாதம் முன்பிருந்தே பதிவு செய்யலாம். வசந்த காலத்து சனிக்கிழமைக்குக் கேபின் வேண்டுமென்றால் அந்த 5 மாதக் கதவு திறக்கும் நாளிலேயே உட்கார வேண்டும்.

நுழைவுக் கட்டணம் பூங்காவுக்குப் பூங்கா மாறும், பெரும்பாலும் பெரியவர் ஒருவருக்குப் பத்து டாலருக்குள். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு நுழைவு இலவசம். ஸ்டேட் பார்க்ஸ் பாஸ் என்று ஒரு வருடப் பாஸ் இருக்கிறது, 70 டாலர். பாஸ் வைத்திருப்பவரோடு அதே வண்டியில் வருகிறவர்களுக்கும் சேர்த்தே நுழைவுக் கட்டணம் கிடையாது. கணவன், மனைவி, ஊரிலிருந்து வந்த பெற்றோர் என்று நான்கு பெரியவர்கள் ஆளுக்கு 8 டாலர் கட்டும் இடத்துக்குப் போனால் ஒரு நாளைக்கு 32 டாலர். மூன்றாவது பயணத்திலேயே பாஸின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பாஸ் இருந்தாலும் பகல் முன்பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு செய்யும்போது பாஸ் எண்ணைக் கொடுத்தால் கட்டணம் கழிந்துவிடும். கையில் பாஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் போய் வாசலில் திரும்பியவர்கள் உண்டு.

வாரநாளில் ஒரு நாள் லீவு போட முடிந்தால் போடுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் இருக்கும் அதே பூங்கா சனிக்கிழமை மதியம் வேறு இடம்.

கிளம்பும் முன்

பூங்காவின் பக்கத்தில் அறிவிப்புகளைப் பாருங்கள். வெள்ளத்தால் மூடிய பாதை, ஆற்றின் நீர்மட்டம், நெருப்பு மூட்டத் தடை எல்லாம் அங்கே இருக்கும். பூங்காவின் வரைபடத்தை கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் சிக்னல் இருக்காது.

வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்மில் பலருக்கு 'நாம் பார்க்காத வெயிலா' என்ற எண்ணம் இருக்கிறது. வேலூரிலும் மதுரையிலும் வளர்ந்திருக்கலாம், ஆனால் அங்கே மே மாதம் உச்சி வெயிலில் நிழலே இல்லாத பாறையில் மூன்று மணி நேரம் யாரும் நடப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே 100 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பேலோ டூரோ கேன்யனில் லைட்ஹவுஸ் பாதை போய்வர 6 மைல் போல இருக்கும், நிழல் மிகக் குறைவு. வெப்பத்தால் சுருண்டு விழுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான். ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். கொண்டுபோனதில் பாதி தீர்ந்தால் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். கோடையில் காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கிப் பத்தரைக்குள் காருக்கு வந்துவிட வேண்டும். தலைவலி, குமட்டல், வியர்வை நின்றுபோவது இவற்றில் எது வந்தாலும் அது 'கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்' என்று விடும் விஷயம் இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, உதவி கேளுங்கள்.

சாப்பாட்டில் நம் கைவசம் இருக்கும் சரக்கே போதும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளிசாதம், எலுமிச்சை சாதம், சப்பாத்தி. தயிர்சாதம் வேண்டுமென்றால் ஐஸ் போட்ட கூலரில் வைத்துக்கொண்டு மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் அவசியம். பாதையில் நடக்கும்போது கைக்கு அடக்கமாகக் கடலைமிட்டாயும் வாழைப்பழமும் நன்றாக உதவும். பாக்கு மட்டைத் தட்டோ காகிதத் தட்டோ எதுவானாலும் குப்பையைப் பையில் கட்டித் தொட்டியில் போடுங்கள், மிச்சச் சோற்றைப் 'பறவை தின்னும்' என்று புல்லில் கொட்டாதீர்கள். அதைத் தின்ன ரக்கூன் வரும், அப்புறம் ஒவ்வொரு கூடாரமாகத் தேடிவரும்.

செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. முழுக்கால் பேன்ட் நல்லது, புல்வெளியில் உண்ணி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளின் காதுக்குப் பின்பக்கம் பார்த்துவிடுங்கள். மூன்று மூன்று இலையாக வளரும் பாய்சன் ஐவி எங்கும் உண்டு, தொட்டால் நாள்கணக்கில் அரிக்கும். தரையில் பொலபொலவென்று மண் குவியல் தெரிந்தால் அது தீ எறும்புப் புற்றாக இருக்கும், அதன் பக்கத்தில் பாய் விரிக்காதீர்கள். பாம்புகளுக்கு ஒரே வழிதான். பாதையை விட்டு விலகாமல், காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து நடங்கள்.

வாசலைத் தாண்டியதும்

நேரே ஏரிக்கு ஓடாமல் தலைமை அலுவலகத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். "இன்றைக்கு என்ன பார்க்கலாம்?" என்று ரேஞ்சரிடம் கேளுங்கள். நேற்று எந்த ஓடைப் பக்கம் மான் வந்தது, எந்தப் பாதை சேறாகிவிட்டது எல்லாம் அவர்களுக்குத் தெரியும், கேட்டால் ஆர்வத்தோடு சொல்வார்கள். நம்மவர்கள் பலர் கேட்கத் தயங்குகிறார்கள். தயக்கமே வேண்டாம், அது அவர்கள் விரும்பிச் செய்யும் வேலை. குழந்தைகள் இருந்தால் ஜூனியர் ரேஞ்சர் பற்றிக் கேளுங்கள். பல பூங்காக்களில் பைனாகுலர், பூதக்கண்ணாடி, குறிப்புப் புத்தகம் அடங்கிய பையை இரவல் தருவார்கள். அதில் உள்ள வேலைகளை முடித்தால் பேட்ஜ். மீன்பிடிக்க ஆசையா? ஸ்டேட் பார்க்குக்குள் கரையிலோ மேடையிலோ நின்று பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. தூண்டிலையே இரவல் தரும் பூங்காக்களும் உண்டு. அளவும் எண்ணிக்கையும் பற்றிய விதிகள் மட்டும் அப்படியே பொருந்தும்.

டைனோசர் வேலி

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. ஏறத்தாழ 11 கோடியே 30 லட்சம் வருடங்களுக்கு முன் இந்த இடம் ஒரு கடலின் ஓரச் சேறு. சுண்ணாம்பு கலந்த அந்தச் சேற்றில் இரண்டு வகை மிருகங்கள் நடந்தன. ஒன்று கழுத்து நீண்ட, இலை தின்னும் சௌரோபாட். இன்னொன்று இரண்டு காலில் நடந்த, இறைச்சி தின்னும் தெரோபாட். சேறு இறுகி, மேலே படிவுகள் மூடி, கல்லாகி, பிறகு பலக்ஸி ஆறு அந்த மேல்மூடியை அரித்து எடுக்க, தடங்கள் வெளியே வந்தன. 1908இல் வந்த பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருடம், ஒரு சிறுவன் ஆற்றோரம் மூன்று விரல் தடங்களைப் பார்த்தான் என்பது ஊர் வரலாறு. 1938இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆர். டி. பேர்ட் இங்கே வந்தார். உலகில் முதன்முதலாகத் தெளிவாக அடையாளம் காணப்பட்ட சௌரோபாட் காலடித் தடங்கள் இங்கே கிடைத்தவைதான். அவர் வெட்டி எடுத்த பாறைத் துண்டில் ஒரு பகுதி இன்றும் நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1930களின் பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் உள்ளூர் மக்கள் இந்தத் தடங்களை வெட்டி விற்றுப் பிழைத்தார்கள். சரக்குத் தீர்ந்தபோது சிலர் கல்லில் புதிதாகவே செதுக்கினார்கள், அதில் 'ராட்சத மனிதத் தடம்' என்பதும் ஒன்று. டைனோசரும் மனிதனும் சேர்ந்து நடந்ததாக இன்றும் யாராவது உங்களுக்கு அனுப்பினால், அந்தக் கதை வளர்ந்த ஊர் இதுதான்.

பார்க்கும் முறைக்கு வருவோம். தடங்கள் ஆற்றுப்படுகையில் இருப்பதால், தண்ணீர் குறைந்திருந்தால்தான் தெரியும். மழை பெய்த மறுநாள் போனால் கலங்கிய நீரைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். கோடைக் கடைசியில் நீர் வற்றும். 2022இன் கடும் வறட்சியில், வழக்கமாக நீரும் வண்டலும் மூடியிருக்கும் தடங்கள்கூட வெளியே வந்தன. போகும் முன் அலுவலகத்துக்குப் போன் செய்து "தடம் தெரிகிறதா?" என்று கேட்டுவிடுங்கள். நனைந்தாலும் பரவாயில்லை என்ற ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தடத்துக்குள் தேங்கிய சேற்றை வழிக்க ஒரு சிறிய, மென்மையான விளக்குமாறு கொண்டுபோகிறவர்கள் உண்டு, அது நல்ல யோசனை. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பள்ளத்தின் விளிம்பு நிழலாகத் தெரியும், உச்சி வெயிலில் தட்டையாகிவிடும். ஒரு தடத்தைக் கண்டுபிடித்ததும் நிற்காமல் அது போன திசையில் அடுத்ததைத் தேடுங்கள். இடது, வலது, இடது என்று வரிசை கிடைக்கும். அந்த வரிசையோடு நாமும் எட்டு வைத்து நடந்து பார்க்கும்போதுதான் அதன் நடை எவ்வளவு அகலம் என்பது உடம்புக்குப் புரியும். குழந்தைகளுக்கு வாசல் பக்கம் நிற்கும் இரண்டு பெரிய டைனோசர் பொம்மைகள் பிடிக்கும். அவை 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்டவை.

என்சான்டட் ராக்

ஃப்ரெடரிக்ஸ்பர்குக்கு வடக்கே 17 மைல் போல. தரையிலிருந்து 425 அடி எழும் இளஞ்சிவப்பு கிரானைட் மொட்டைப் பாறை, வயது ஏறத்தாழ 100 கோடி வருடம். மதுரைப் பக்கத்து யானைமலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தூரத்திலிருந்தே பிடித்துப்போகும். உச்சிக்கு ஒரு மைலுக்கும் குறைவான பாதைதான், ஆனால் கடைசிப் பகுதி வெறும் சரிவுப் பாறை. மழைக்குப் பின் வழுக்கும். டோன்கவா, அப்பாச்சி, கமாஞ்சி பூர்வகுடி மக்கள் இந்தப் பாறையை மரியாதையோடும் பயத்தோடும் பார்த்தார்கள். பகலில் சூடேறிய பாறை இரவில் குளிரும்போது முனகுவதுபோல் சத்தம் வரும் என்பார்கள்.

உச்சிக்குப் போனவர்களில் பலர் சுற்றிவரப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே குனிந்து பார்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது. பாறையின் மேல் ஆழமில்லாத குழிகள், சில தாம்பாளம் அளவு, சில அறை அளவு. மழை பெய்தால் அவை குட்டிக் குளங்களாகும். அதில் விரல் நக அளவுகூட இல்லாத, கண்ணாடிபோல் உடம்புள்ள ஃபேரி ஷ்ரிம்ப் என்ற இறால் வகை தலைகீழாக நீந்தும். குளம் வற்றியதும் அவை செத்துவிடும், ஆனால் முட்டைகள் காய்ந்த மண்ணில் தாக்குப்பிடித்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். மண் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்த குழிகளில் புல், பிறகு கள்ளி, பிறகு சின்ன ஓக் மரமே வளர்ந்துவிடுகிறது. பாறை எப்படி மண்ணாகிக் காடாகிறது என்பதன் ஒவ்வொரு கட்டமும் ஒரே உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறது. ஆகவே காய்ந்து கிடக்கும் குழியிலும் காலை வைக்காதீர்கள், உள்ளே முட்டை இருக்கும். இதைக் குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள், பெரியவர்களைவிட ஒழுங்காகச் சுற்றிப் போவார்கள்.

இந்தப் பூங்கா வார இறுதிகளில் சீக்கிரம் நிறைந்துவிடும். முன்பதிவு இல்லாமல் ஆஸ்டினிலிருந்து கிளம்பவே கிளம்பாதீர்கள்.

கல்லும் ஆட்களும்

இயற்கை பார்க்கப் போகும் இடத்தில் வரலாறு எங்கே என்று கேட்கலாம். டெக்சஸ் பூங்காக்களில் அது கட்டடத்திலேயே இருக்கிறது. பாஸ்ட்ராப் பூங்காவுக்குப் போனால் கேபின்களின் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்திலேயே வெட்டிய சிவந்த கல், கையால் அடுக்கியது. 1933 முதல் 1942 வரை, வேலையில்லாமல் தவித்த இளைஞர்களுக்காக அமெரிக்க அரசு சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அமைப்பை நடத்தியது. சுருக்கமாக சி.சி.சி. மாதம் 30 டாலர் கூலி, அதில் 25 டாலர் நேராகக் குடும்பத்துக்குப் போய்விடும். சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. பாஸ்ட்ராப், பேலோ டூரோ, கார்னர், டேவிஸ் மவுண்டன்ஸில் இருக்கும் இந்தியன் லாட்ஜ், பால்மொரேயாவின் ஊற்றுநீர்க் குளம் எல்லாம் அவர்கள் கைவேலை. பாஸ்ட்ராப் பட்டறையில் செய்த மர நாற்காலிகளும் மேசைகளும் மற்றப் பூங்காக்களுக்கும் போயின. ஹண்ட்ஸ்வில் பூங்காவைக் கட்டியதில் கறுப்பின முன்னாள் படைவீரர்களின் குழு ஒன்று உண்டு. டெக்சஸின் பெரும்பாலான ஸ்டேட் பார்க்குகள் அந்தக் காலத்தில் வெள்ளையர்களுக்கு மட்டுமே. இதையும் தெரிந்துகொண்டு ஹண்ட்ஸ்வில் ஏரிக்கரையில் நடக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

2011 செப்டம்பரில் பாஸ்ட்ராப் பக்கம் பற்றிய பெருந்தீயில் பூங்காவின் 96 சதவீதம் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் அந்தக் கேபின்களை மட்டும் எப்படியோ காப்பாற்றினார்கள். இன்று போனால் கருகிய அடிமரங்களுக்கு நடுவே இளம் பைன் மரங்கள் உயர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

வடக்கே அமரிலோ பக்கத்து பேலோ டூரோவுக்கு என்றாவது கட்டாயம் போங்கள், நெடும்பயணம்தான். 120 மைல் நீளமும் 800 அடி வரை ஆழமும் உள்ள சிவப்புப் பள்ளத்தாக்கு. 1874 செப்டம்பர் 28 அன்று அமெரிக்க ராணுவக் கர்னல் மெக்கன்ஸியின் படை இங்கே முகாமிட்டிருந்த கமாஞ்சி, கையோவா, ஷையென் மக்களைத் தாக்கியது. ஆட்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள். ஆனால் படை அவர்களின் குதிரைகளைப் பிடித்து ஆயிரத்துக்கு மேல் சுட்டுக் கொன்றது, குளிர்காலத்துக்குச் சேர்த்த உணவையும் எரித்தது. குதிரையும் உணவும் இல்லாமல் சமவெளியில் வாழ முடியாது, அடுத்த வருடத்துக்குள் சரணடைந்தார்கள். தாக்குதல் நடந்த இரண்டே வருடத்தில் சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் தன் மந்தையை இந்தப் பள்ளத்தாக்குக்குள் ஓட்டிவந்தார். அதே சமயம் அமெரிக்கக் காட்டெருமைகளான பைசன் கூட்டங்களும் வேட்டையில் அழிந்துகொண்டிருந்தன. அவர் மனைவி மேரி ஆன் சொல்லி, அநாதையான சில கன்றுகளைக் காப்பாற்றி வளர்த்தார்கள். அந்தக் கன்றுகளின் வழிவந்த மந்தை இன்று தெற்கே கேப்ராக் கேன்யன்ஸ் ஸ்டேட் பார்க்கில் திறந்தவெளியில் மேய்கிறது. அலுவலக வாசலுக்கே வந்து நிற்கும். எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் காரைவிட்டு இறங்கிப் பக்கத்தில் போகாதீர்கள். இரண்டு பூங்காக்களையும் ஒரே பயணத்தில் பார்த்தால்தான் கதை முழுதாகும்.

எந்தப் பூங்காவாக இருந்தாலும் அம்பு முனை, கல், பூ எதையும் எடுத்துவரக் கூடாது, அது சட்டப்படி குற்றம். மார்ச், ஏப்ரலில் ப்ளூபானட் பூத்திருக்கும்போது குழந்தையை நடுவில் உட்காரவைத்துப் படம் எடுக்கும் வழக்கம் நம்மிடமும் வந்துவிட்டது. ஏற்கெனவே வெறுமையாக இருக்கும் ஓரத்தில் உட்காரவையுங்கள். மிதிபட்ட செடி விதை வைக்காது, அடுத்த வருடம் அந்த இடம் மொட்டையாகிவிடும்.

தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு

ஸ்டேட் பார்க் ஆறு, ஏரிகளில் உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டே இறக்குங்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்கட்டும், கைப்பேசி பையில் இருக்கட்டும். பெடர்னாலிஸ் ஃபால்ஸ் போன்ற இடங்களில் நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, மேலே எங்கோ பெய்த மழையால் நிமிடங்களில் வெள்ளம் வரும். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினால் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

இரவு தங்க

இரண்டு மூன்று பகல் பயணம் பழகிய பிறகு தங்கிப் பாருங்கள். கூடாரத்துக்கான இடங்களில் தண்ணீர் மட்டும் உள்ளது, தண்ணீரும் மின்சாரமும் உள்ளது என்று வகை உண்டு. முதல் முறைக்கு மின்சாரம் உள்ளதை எடுங்கள், ஒரு மின்விசிறி வைத்தால் பாதிப் புழுக்கம் போய்விடும். கூடாரம் வேண்டாம் என்றால் ஸ்க்ரீன்ட் ஷெல்டர் என்று கூரையும் தரையும் கொசுவலைச் சுவர்களும் உள்ள அறை இருக்கிறது. உள்ளே கட்டில் இருக்காது, நாம் பாய் விரித்துப் படுத்துப் பழகியவர்கள், நமக்கு அது வெகு வசதி. ஒரு இடத்துக்கு 8 பேர் வரைதான். நான்கு குடும்பம் சேர்ந்து போவதாக இருந்தால் பக்கத்துப் பக்கத்து இடங்களாகப் பதிவு செய்யுங்கள்.

இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம், மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். பொது இடத்தில் மது அருந்த அனுமதியில்லை. விறகைப் பூங்காவில் பொறுக்கக் கூடாது, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். நெருப்புத் தடை இருக்கும் நாளில் சின்ன அடுப்புக்குக்கூட அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டே பற்றவையுங்கள். தூங்கப் போகும் முன் கூலரைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள், ரக்கூனுக்கு மூடி திறக்கத் தெரியும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்க் கூடாரம் அடித்துவிடுங்கள். புதிதாக வாங்கிய கூடாரத்தை வீட்டு முற்றத்தில் ஒருமுறை அடித்துப் பார்ப்பது அதைவிட முக்கியம்.

சாமான் எதுவும் இல்லை, எப்படிச் செய்வதென்றும் தெரியாது என்பவர்களுக்காகத் துறையே 'டெக்சஸ் அவுட்டோர் ஃபேமிலி' என்று பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. கூடாரம், அடுப்பு எல்லாம் அவர்களே கொடுத்து, அடிப்பது முதல் சமைப்பது வரை ரேஞ்சர்கள் கூடவே இருந்து சொல்லித் தருவார்கள். சாப்பாடும் படுக்கையும் நாம் கொண்டுபோனால் போதும். கடையில் நூற்றுக்கணக்கில் செலவழிக்கும் முன் இதில் ஒரு இரவு இருந்து பாருங்கள்.

மாதக் கணக்கு

ஜனவரி, பிப்ரவரியில் பிரேசோஸ் பெண்ட்: கொசு குறைவு, பறவை அதிகம், வெயில் ஏறும் பகலில் முதலையும் வெளியே வரும். மார்ச், ஏப்ரலில் இங்க்ஸ் லேக்கும் என்சான்டட் ராக்கும், பூவுக்காக. மே கடைசியிலிருந்து நிழலும் தண்ணீரும் உள்ள இடங்கள் மட்டும். ஃப்ரியோ ஆற்றங்கரையில் இருக்கும் கார்னரில் ட்யூப் போட்டு மிதக்கலாம், கோடை இரவுகளில் சி.சி.சி. கட்டிய மண்டபத்தில் ஜூக்பாக்ஸ் பாட்டுக்கு ஊரே ஆடும், 1940களிலிருந்து தொடரும் வழக்கம் அது. ஆகஸ்ட், செப்டம்பர் தொடக்கத்தில் காலை வேளையில் டைனோசர் வேலி. அக்டோபரில் பேலோ டூரோவும் கேப்ராக்கும். நவம்பர் முதல் பாதியில் இலை சிவப்பதைப் பார்க்க லாஸ்ட் மேப்பிள்ஸ். அதற்கு மட்டும் வாரநாளாகப் பார்த்து, பதிவு திறக்கும் அன்றே எடுத்துவிடுங்கள், கிளம்புவதற்கு முந்தைய நாள் இலை எந்த அளவுக்கு நிறம் மாறியிருக்கிறது என்று பூங்காவில் கேட்டுக்கொள்ளுங்கள்.